ஆர்.சி. கார் பேட்டரி: சார்ஜருக்கும் சொல்லுங்கள், காருக்கும் சொல்லுங்கள்

ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் ரேடியோ கன்ட்ரோல் கார், புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "பேட்டரியை எவ்வளவு நேரம் சார்ஜ் போடணும்?" என்பதைத்தான். உள்ளே இருப்பது நிக்கலா லித்தியமா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு மின்னோட்டம் கொடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, ஓட்டி முடித்த பிறகு எப்படி எடுத்து வைப்பது எல்லாமே அந்த ஒரு விஷயத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதைச் சார்ஜரிடம் சொல்ல வேண்டும். காருக்குள் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலரிடமும் சொல்ல வேண்டும். முதல் வேலையைப் பெரும்பாலானவர்கள் சரியாகச் செய்துவிடுகிறார்கள், இரண்டாவது விட்டுப்போகிறது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே நல்ல லித்தியம் பேக் உப்பிப்போனது என்று யாராவது சொன்னால், நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

நான் இங்கே பேசுவது முக்கியமாக 1/10 அளவு ஹாபி கார்களைப் பற்றி. 540 ரக மோட்டார், தனி ஸ்பீட் கன்ட்ரோலர், கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி என்று வரும் வகை. கடைத்தெருவில் கிடைக்கும் பொம்மைக் கார்களைப் பற்றியும் நடுவில் கொஞ்சம் சொல்கிறேன்.

7.2 வோல்ட் வந்த வழி

பழைய ஸ்டிக் பேக் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று மூன்றாக இரண்டு வரிசை, மொத்தம் ஆறு உருளைகள், மேலே சுருங்கி ஒட்டிய பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு உருளையும் 'சப்-சி' அளவு நிக்கல் செல். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலுடன் ஆர்.சி. கார் தயாரிப்பில் இறங்கியது. 1980-களில் மண்தரையில் ஓடும் பக்கி கார்கள் உலகமெங்கும் பிரபலமானபோது, இந்த ஆறு செல் பேக்தான் எல்லோரும் பின்பற்றும் அளவாக நிலைத்தது.

அப்போது உள்ளே இருந்தது நிக்கல் காட்மியம். ஸ்வீடனின் வால்டெமர் யுங்னர் 1899-ல் உருவாக்கிய பேட்டரி வகை அது. காட்மியம் நச்சு உலோகம் என்பதாலும், அதே அளவு செல்லில் கூடுதல் மின்சாரம் அடைக்க முடிந்ததாலும் பின்னால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அந்த இடத்துக்கு வந்தது. கொள்ளளவில் 1200 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) இருந்த பேக் 3000, 5000 என்று வளர்ந்தது. வெளித்தோற்றம் அப்படியே இருந்தது.

அப்புறம் லித்தியம் பாலிமர், அதாவது லைப்போ வந்தது. அதில் ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். இரண்டு செல்களைத் தொடராக இணைத்தால் 7.4. இதைத்தான் '2எஸ்' என்கிறார்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த 7.2 வோல்ட் கார்களில் அப்படியே மாட்டிவிடலாம் என்பது பெரிய வசதி. தயாரிப்பாளர்கள் லைப்போவைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, ஸ்டிக் பேக்கின் அளவுக்கே கொண்டுவந்தார்கள். சிலர் பழைய ஸ்டிக் பேக்கில் இருந்த அதே டாமியா கனெக்டரையும் வைத்து விற்றார்கள். ஆக, அளவு ஒன்று, வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்று, சில நேரம் கனெக்டரும் ஒன்று. உள்ளே நடக்கும் வேதியியல் மட்டும் முற்றிலும் வேறு. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

நிக்கல் எப்போது நிரம்புகிறது

நிக்கல் பேக் நிரம்பிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் மெல்ல ஏறிக்கொண்டே போகும். நிரம்பிய பிறகும் மின்சாரம் உள்ளே போனால் அது வெப்பமாக மாறும். பேக் சூடாகும், சூடானதும் வோல்டேஜ் லேசாக இறங்கும். ஒரு செல்லுக்குச் சில மில்லிவோல்ட்தான் இந்தச் சரிவு. நல்ல சார்ஜர் இதற்காகத்தான் காத்திருக்கிறது. உச்சியைத் தொட்டுக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்திவிடும். 'டெல்டா பீக்' என்று பெட்டியில் போட்டிருப்பது இந்த வேலையைத்தான்.

மெதுவாகச் சார்ஜ் போட்டால் பேட்டரிக்கு நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். டெல்டா பீக் சார்ஜரில் இது சரிப்படாது. 3000 எம்.ஏ.எச். பேக்கை 0.3 ஆம்பியரில் போட்டால் உச்சியில் வரும் சரிவு மிக மிக லேசாக இருக்கும். சார்ஜர் அதைக் கவனிக்காமலே போகலாம், பேக் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். அதே பேக்கை 1.5 முதல் 3 ஆம்பியர் வரை வைத்தால் உச்சி தெளிவாகத் தெரியும், சார்ஜரும் நேரத்துக்கு நிற்கும்.

காரோடு இலவசமாக வரும் சுவர் அடாப்டர்களில் பலவற்றுக்கு இந்தப் புத்தி கிடையாது. சுவிட்ச் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். சிலவற்றில் எரியும் சிவப்பு விளக்கு கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே காட்டும், நிரம்பியதைக் காட்டாது. இவற்றுக்கு நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அடாப்டரில் 250 எம்.ஏ. என்றும் பேக்கில் 700 எம்.ஏ.எச். என்றும் போட்டிருந்தால், 700-ஐ 250-ஆல் வகுத்தால் 2.8 மணி நேரம். சார்ஜ் ஏறும்போது வீணாவதற்காக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். காலியான பேக்குக்குத்தான் இந்தக் கணக்கு. போனில் அலாரம் வைத்துவிடுங்கள். ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் எடுக்கும் பழக்கம் இந்த அடாப்டர்களுக்கு ஆகாது.

பொம்மைக் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 3.7 வோல்ட் பேக்குக்கான யு.எஸ்.பி. ஒயரும் 7.4 வோல்ட் பேக்குக்கான ஒயரும் முனையில் ஒரே மாதிரி இருக்கக்கூடும். வீட்டில் இரண்டு கார்கள் இருந்தால் எந்த ஒயர் எந்தக் காருக்கு என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது நல்லது. ரிமோட்டில் போடும் ஏஏ செல்களில் பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். பலவீனமான செல் முதலில் காலியாகிவிடும். மற்றவை அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும், அந்தச் செல் கசிந்துவிடும்.

லைப்போவின் நான்கு எண்கள்

லைப்போ வைத்திருப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியவை நான்கு எண்கள், எல்லாமே ஒரு செல்லுக்கு: நிரம்பியது 4.2 வோல்ட், பெயரளவில் 3.7, எடுத்து வைக்கும்போது 3.8, இறங்கவே கூடாத தளம் 3.0. 2எஸ் பேக் என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நிரம்பிய 2எஸ் பேக் 8.4 வோல்ட் காட்டும்.

சார்ஜ் ஏறும் முறையும் நிக்கலிலிருந்து மாறுபட்டது. முதல் கட்டத்தில் சார்ஜர் ஒரே அளவு மின்னோட்டம் கொடுக்கிறது. செல் 4.2-ஐத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. மின்னோட்டம் ஆரம்பத்தில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் முடிந்தது. கடைசிப் பத்து சதவீதம் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான், சார்ஜர் கெட்டுப்போகவில்லை.

மின்னோட்டம் எவ்வளவு என்பதற்குப் பொதுவான விதி '1சி', அதாவது பேக்கின் கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியர். 5000 எம்.ஏ.எச். பேக்குக்கு 5 ஆம்பியர், 2200-க்கு 2.2. அதற்கு மேல் போகலாம் என்று லேபிளில் இருந்தாலும் அவசரம் இல்லாதபோது 1சி போதும். சார்ஜரின் வாட் அளவையும் பாருங்கள். 2எஸ் பேக்குக்கு 8.4 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 42 வாட். 50 வாட் சார்ஜர் அதைத் தாங்கும். அதே 5 ஆம்பியரில் 3எஸ் பேக் என்றால் 12.6 வோல்ட், 63 வாட் ஆகிவிடுகிறது. 50 வாட் சார்ஜர் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், நேரம் கூடும்.

லைப்போவில் தடித்த ஒயர்கள் இரண்டைத் தவிர, சின்ன வெள்ளை கனெக்டர் ஒன்றும் தொங்கும். 2எஸ் என்றால் மூன்று மெல்லிய ஒயர்கள், 3எஸ் என்றால் நான்கு. இதுதான் பேலன்ஸ் ஒயர். இதை மாட்டாமல் விட்டால் சார்ஜருக்கு மொத்தக் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். மொத்தம் 8.4 என்று சரியாகக் காட்டும். ஆனால் உள்ளே ஒரு செல் 4.35-லும் மற்றது 4.05-லும் இருக்கலாம். முதல் செல் ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். பேலன்ஸ் ஒயரை மாட்டி, திரையில் 'பேலன்ஸ் சார்ஜ்' என்று தேர்ந்தெடுத்தால் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்தும். எப்போதும் அதையே செய்யுங்கள்.

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் '50சி', '100சி' எண்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 5000 எம்.ஏ.எச். பேக்கில் 50சி என்றால் 250 ஆம்பியர். அந்தப் பேக்கில் இருக்கும் ஒயரும் கனெக்டரும் அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தாங்காது. பேக்கின் உண்மையான ஆரோக்கியத்தை அறிய, சார்ஜர் காட்டும் உள்மின்தடையைக் குறித்து வைத்து, அது மாதாமாதம் ஏறுகிறதா என்று பார்ப்பது மேல்.

தவறான மோடில் என்ன ஆகிறது

லைப்போவை நிக்கல் மோடில் போட்டால் சார்ஜர் உச்சிக்குப் பிறகு வரும் சரிவுக்காகக் காத்திருக்கும். லைப்போவில் அந்தச் சரிவு வராது. 4.2-ல் பிடித்து நிறுத்தவும் அந்த மோடுக்குத் தெரியாது. ஆகவே வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். உள்ளே கிராஃபைட்டுக்குள் போய் உட்கார வேண்டிய லித்தியம் இடம் இல்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கோபால்ட் ஆக்சைடு தன் ஆக்சிஜனை விட ஆரம்பிக்கிறது. நடுவில் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும் கரைப்பான். பேக் உப்புவது இந்தத் திரவம் சிதைந்து வாயுவாக மாறுவதால்தான். எரியும் பொருளும் ஆக்சிஜனும் ஒரே பைக்குள் சேர்ந்துவிட்டதால், நிலைமை முற்றினால் வெளிக்காற்றை மறைத்து மட்டும் தீயை அடக்கிவிட முடியாது.

இந்த ஆக்சிஜன் பிரச்சினைக்கு விடை தேடிய கதையில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த அறிவியலாளர் ஆறுமுகம் மந்திரம். கோபால்ட் ஆக்சைடு மின்வாயைக் கண்டுபிடித்த ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து, 1980-களின் இரண்டாம் பாதியில் ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற சேர்மங்களை மின்வாயாக்கும் பாதையைத் திறந்தார். அந்தப் பாதையில் 1990-களில் வந்ததுதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சூடானாலும் சுலபத்தில் விடாது. 2019-ல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான்.

ஆர்.சி. கார்களில் இந்த வகை 'லைஃப்' என்ற பெயரில் வருகிறது. ஒரு செல்லுக்கு 3.3 வோல்ட், இரண்டு செல் பேக் 6.6. டாமியாவே 6.6 வோல்ட் லைஃப் பேக்குகளை விற்கிறது. குழந்தைகள் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வேகம் கொஞ்சம் குறைவு, நிம்மதி அதிகம். ஆனால் இதன் எல்லை ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், லைப்போ மோடில் போட்டால் 4.2 வரை இழுத்துக் கெடுத்துவிடும். 4.35 வோல்ட் வரை ஏற்றும் 'ஹெச்.வி.' லைப்போக்களும் கடையில் உண்டு. அந்த மோடில் சாதாரண லைப்போவைப் போடவே கூடாது.

காரில் மாட்டும்போது

இப்போது பலர் விட்டுவிடும் அந்த இரண்டாவது வேலை, காரிடம் சொல்வது. ஸ்பீட் கன்ட்ரோலருக்கு பேட்டரி வகையைச் சொல்ல ஒரு வழி வைத்திருப்பார்கள். சிலவற்றில் சின்ன ஜம்பர், சிலவற்றில் பொத்தானை அழுத்தி பீப் ஒலிகளை எண்ணும் முறை. லைப்போ என்று வைத்தால் ஒரு செல் 3.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும்போது மோட்டாருக்குப் போகும் சக்தியைக் குறைத்து நிறுத்திவிடும். நிக்கல் என்று விட்டுவிட்டால் சில கன்ட்ரோலர்கள் மொத்தம் 4.5 வோல்ட் வரும்வரை விடாது. 2எஸ் லைப்போவில் அது ஒரு செல்லுக்கு 2.25. அந்த ஆழத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் செல்லில் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கலாம். மறுபடி சார்ஜ் போடும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகும். கார் நன்றாகத்தான் ஓடியது, சார்ஜும் சரியாகத்தான் போட்டேன், பேக் மட்டும் உப்பிவிட்டது என்பவர்களின் கதையில் இதுதான் நடந்திருக்கும்.

டாமியா கிட்டுகளோடு பல ஆண்டுகள் வந்த டி.பி.எல்.இ.-02எஸ் கன்ட்ரோலரில் லைப்போவுக்கான இந்த நிறுத்தமே கிடையாது. அப்படிப்பட்ட காரில் லைப்போ போட விரும்பினால், பேலன்ஸ் ஒயரில் செருகும் சின்ன வோல்டேஜ் அலாரம் ஒன்று வாங்கி, செல்லுக்கு 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது ப்ளஸ், மைனஸ். தலைகீழாக மாட்டினால் ஸ்பீட் கன்ட்ரோலர் அந்தக் கணமே போய்விடும். கனெக்டர் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பாமல், சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்கிறதா என்று பாருங்கள். டாமியா கனெக்டர் பழைய காலத்துக் குறைந்த மின்னோட்டத்துக்கு ஏற்றது. லைப்போவும் வேகமான மோட்டாரும் சேர்ந்தால் சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். எக்ஸ்.டி.60 அல்லது டீன்ஸ் கனெக்டருக்கு மாற்றுவது நல்லது. பேட்டரிப் பக்கம் கனெக்டர் மாற்றும்போது இரண்டு ஒயர்களையும் ஒன்றாக வெட்டவே கூடாது. கட்டர் கத்தியே இரண்டையும் ஷார்ட் ஆக்கிவிடும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு மூடிய பிறகுதான் அடுத்தது.

பேக் தட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். டாமியாவின் பழைய சேஸிகள் பலவற்றில் தட்டின் அடிப்பகுதி உருளைச் செல்களுக்கு ஏற்ப வளைந்திருக்கும். சதுர ஓர லைப்போ அதில் இறங்காது. அதற்கென்றே ஓரம் வளைந்த பேக்குகள் கிடைக்கின்றன. தட்டைச் சுரண்டி இடம் பண்ணுவதைவிட அதை வாங்குவது மேல். இடைவெளி இருந்தால் ஸ்பாஞ்ச் துண்டு வைத்து நிரப்புங்கள். ஒயர்கள் ட்ரைவ் ஷாஃப்ட்டிலும் மோட்டார் பல்சக்கரத்திலும் படாமல் ஓரமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

எப்போதும் ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகு காரை. முடிக்கும்போது காரை முதலில் அணைத்து, பிறகு ரிமோட்டை. கட்டளை கிடைக்காத கார் தன் போக்கில் பாயாமல் இருக்க இந்த வரிசை. மாட்டும் கணத்தில் சின்னதாக ஒரு பொறி வரும். கன்ட்ரோலரில் உள்ள கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றியே ஆக வேண்டும். பல கன்ட்ரோலர்களின் சுவிட்ச் பேட்டரியை முழுவதும் துண்டிப்பதில்லை. சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே இருக்கும், அப்படியே விட்டால் லைப்போ செத்துவிடலாம்.

2எஸ் போட்ட காரில் 3எஸ் போட்டால் இன்னும் வேகமாகப் போகும் என்று தோன்றும். வோல்டேஜ் ஒன்றரை மடங்கு ஆகிறது. மோட்டார் தடைபட்டு நிற்கும் நேரத்தில் அது தின்னும் சக்தி இரண்டேகால் மடங்கு. கிட்டோடு வந்த பிரஷ் மோட்டாருக்கு அது தாங்காது. மோட்டார், கன்ட்ரோலர் இரண்டின் கையேட்டிலும் 3எஸ் என்று இருந்தால் ஒழிய வேண்டாம்.

நம் ஊர் வெயிலில்

லித்தியம் செல்களைச் சார்ஜ் போடும்போது 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் ஓட்டிவிட்டு இறக்கிய பேக் அதைவிடச் சூடாக இருக்கும். நிழலில் ஆறவிட்டு, கைக்குச் சூடே தெரியாத நிலைக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள். கையில் பிடிக்கவே முடியாத அளவு கொதித்தால் கியர் விகிதம் மிஞ்சியிருக்கிறது, அல்லது பேக்கின் திறன் காருக்குப் போதவில்லை.

நிரம்பிய லைப்போவை வெயில் காலத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பது அதன் ஆயுளைத் தின்னும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மழை வந்து ஓட்ட முடியாமல் போனால், சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' மோடைப் போட்டுச் செல்லுக்கு 3.8-க்கு இறக்கி வையுங்கள். நிறுத்திய காரின் டிக்கியில் விடவே வேண்டாம்.

சார்ஜ் போடும் இடம் சிமெண்ட் தரையோ டைல்ஸோ ஆக இருக்கட்டும். மெத்தை, சோபா, துணி அலமாரி பக்கம் கூடாது. தீயைத் தாங்கும் லைப்போ பை வாங்கலாம். மணல் நிரப்பிய பெரிய மண்சட்டியும் அருகில் இருக்கட்டும். ஆள் வீட்டில் இருக்கும்போது, கண் பார்வையில் மட்டும். தீப்பிடித்தால் வரும் புகை நச்சு; வீட்டாரை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் முதல் வேலை.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினரிடம் பேக் வாங்கி வரச் சொல்பவர்களுக்கு ஒன்று: தனியாக எடுத்து வரும் லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 7.4 வோல்ட், 5000 எம்.ஏ.எச். பேக் 37 வாட்-மணிதான். கனெக்டர் முனைகளை டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள்.

உப்பிய பேக்கை அழுத்தவோ குத்தவோ, "இன்னும் ஒரு ரவுண்டு" என்று ஓட்டவோ வேண்டாம். வெளியே, மணல்மேல் வைத்து, பழைய 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றை அதில் இணைத்து முழுவதும் இறக்குங்கள். ஒயர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி மூடுங்கள். இந்தியாவில் 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் பங்கு. வாங்கிய கடையில் முதலில் கேளுங்கள். வாங்க மறுத்தால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்கலாம்.